டேப்பட் சத்தம்

எங்க டிராக்டரைக் காலையில ஸ்டார்ட் பண்ணா 'டக் டக் டக்'னு ஒரு சத்தம் வரும். பின்னால சிங்கவரம் மலை இருக்கிறதால அந்தச் சத்தம் பாறையில பட்டுத் திரும்பி வரும். ரங்கநாதர் கோயிலுக்குப் படி ஏறுறவங்க சிலர் நின்னு திரும்பிப் பார்ப்பாங்க. பட்டணத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்க, "வண்டியில என்னமோ லூசா இருக்குது போல, பாருங்க"ன்னு சொல்லுவாங்க. லூசாத்தான் இருக்குது. வேணும்னேதான் லூசா வச்சிருக்கேன். அது ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க வண்டி மூணு சிலிண்டர் மாஸி பெர்குசன் 1035. 2009-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. டிராக்டர் டாஃபே கம்பெனியோடது, இன்ஜின் சென்னை சிம்சன் கம்பெனியோடது. சிம்சன் 1840-ல குதிரை வண்டி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி. இன்ஜினோட மூலம் இங்கிலாந்து பெர்கின்ஸ். அதனால இன்னைக்கும் அதுல அளவெல்லாம் இஞ்சுலதான் பேசுவாங்க.

டேப்பட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு எங்க ஊர்க் கணக்குல சொல்றேன். கழனிக்கு ரெண்டு மடை இருக்கும். ஒண்ணு தண்ணி உள்ள வர்றதுக்கு, இன்னொண்ணு வெளிய போறதுக்கு. இன்ஜின் சிலிண்டருக்கும் அப்படித்தான். காத்து உள்ள வர ஒரு வால்வு, புகை வெளிய போக ஒரு வால்வு. இந்த மடையைத் திறக்கிறது காம் ஷாஃப்ட். அது கீழே சுத்தும்போது ஒரு லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ் ராடைத் தூக்கும், ராடு ராக்கரைத் தூக்கும், ராக்கர் மறுபக்கம் வால்வை அமுக்கும். இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துனா ஒவ்வொரு வால்வும் 750 தடவை திறந்து மூடும். மூடுறது ஸ்பிரிங்கோட வேலை.

இதுல ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து விடணும். எங்க இன்ஜினுக்கு, குளிர்ந்திருக்கும்போது வச்சா பன்னெண்டு தௌ, சூட்டோட வச்சா பத்து தௌ. ஒரு இஞ்சை ஆயிரம் பங்காப் போட்டா அதுல பன்னெண்டு பங்கு. மில்லிமீட்டர்ல 0.30. அவ்வளவுதான். ஆனா அந்த சந்து இல்லன்னா வண்டியே இல்ல. எப்படின்னா, இன்ஜின் சூடானா வால்வுத் தண்டு நீளும். நீள்றதுக்கு இடம் இல்லன்னா அது ராக்கரை முட்டிக்கிட்டு, தன்னோட சீட்டுல முழுசா உக்காராது. முழுசா மூடாத மடை என்ன பண்ணும்னு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி லேசாக் கசியும், விடியறதுக்குள்ள கரையையே அறுத்துட்டுப் போயிருக்கும். இன்ஜின்ல கசியறது தண்ணி இல்ல, நெருப்பு. இன்னொண்ணு, வால்வோட சூடு முக்கால்வாசி அந்த சீட்டு வழியாத்தான் ஹெட்டுக்கு இறங்கும். உக்காரலன்னா சூடு இறங்க வழி இல்ல. சைலன்சர் பக்கத்து வால்வுதான் முதல்ல தீஞ்சு போகும்.

இந்த சந்து இருக்கிறதாலதான் அந்த 'டக் டக்'. ராக்கர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பன்னெண்டு தௌ தூரத்தைத் தாண்டி வால்வு மேல தட்டுற சத்தம்.

இது எல்லாம் இப்ப எனக்குத் தெரியும். 2012-ல தெரியாது.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால வண்டிச் சத்தம் கொஞ்சம் அதிகமாகியிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருத்தர், "இன்னாப்பா, உன் வண்டி தகர டப்பா உருட்டுற மாதிரி போவுது"ன்னு டீக்கடையில வச்சுச் சொல்லிட்டார். நாலு பேர் சிரிச்சாங்க. வாடகைக்கு ஓட்டுற வண்டிக்கு அந்தப் பேர் வந்தா யாரு கூப்பிடுவாங்க? எனக்கு மானப் பிரச்சினையாப் போச்சு. நேரா வீட்டுக்கு வந்து மேல் மூடியைக் கழட்டி, இன்ஜினை மெதுவா ஓட விட்டு, ஒவ்வொரு ராக்கரா ஸ்க்ரூவைத் திருகினேன். சத்தம் குறைஞ்சது. இன்னும் திருகினேன், சத்தம் நின்னுது. நின்னது நிக்கட்டும்னு அதுக்கு மேலயும் கொஞ்சம் திருகி லாக் நட்டை முறுக்கினேன். பில்லர் கேஜ் இல்லாமலே. ஆறு வால்வும்.

பெரியவன் அப்போ ஐடிஐ-யில மோட்டார் மெக்கானிக் படிச்சிட்டு இருந்தான். முதல் வருஷம். பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தவன், "எப்பா, அவ்ளோ இறுக்காதப்பா. கேஜ் வச்சுத்தான் விடணும். சத்தம் இருந்தா இருக்கட்டும்ப்பா"ன்னான்.

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்து இன்ஜின் பார்க்கிறேன்டா. போய்ப் படி"ன்னேன்.

அவன் மறுபடி ஒண்ணும் சொல்லல. ஸ்பேனரை எடுத்துத் தொடைச்சு வச்சிட்டு உள்ள போயிட்டான்.

வண்டி என்னமோ தண்ணியில போற மாதிரி சத்தமில்லாமப் போச்சு. டீக்கடை வழியா ரெண்டு தடவை வேணும்னே ஓட்டினேன். பத்துப் பதினைஞ்சு நாள் உழவு ஓட்டியிருப்பேன். அதுக்குள்ள காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. இழுவை குறைஞ்சது. வெள்ளையாப் புகை தள்ளுச்சு. டீசல்ல கலப்படம்னு நினைச்சேன். பில்டர் மாத்தினேன். டேப்பட் மேல மட்டும் சந்தேகமே வரல, சத்தமே இல்லையே!

ஆடியில ஒரு ராத்திரி நல்ல மழை. மானாவாரிக்காரனுக்கு அந்த ஈரம் ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள். அதுக்குள்ள உழுது மல்லாட்டையைப் போட்டாகணும். எங்க ஒன்றரை ஏக்கரோட வெளியில ஏழு ஏக்கருக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். விடியக்காலம் சாவியைத் திருப்பினா இன்ஜின் சுத்துது, பிடிக்கல. பேட்டரி தீர்ற வரைக்கும் பார்த்தேன். ஆளுங்களை விட்டுத் தள்ளிப் பார்த்தேன். மலையடிவாரம் முழுக்க அடுத்தவங்க டிராக்டர் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்குது, நான் வண்டி பக்கத்துல உக்காந்திருக்கேன்.

செஞ்சியில இருந்து மெக்கானிக் பாயைக் கூட்டிட்டு வந்தேன். அவர் மேல் மூடியைக் கழட்டி, ராக்கரை விரலால ஆட்டிப் பார்த்தார். ஆடல. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் நைனா இதைத் தொட்டது?"

நான் வாயைத் திறக்கல. பெரியவன் பக்கத்துலதான் நின்னான். அவனும் வாயைத் திறக்கல.

ஹெட்டைக் கழட்டினா ரெண்டு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எலி கடிச்ச அப்பளம் மாதிரி இருந்தது. புது வால்வு, சீட்டு வெட்டுறது, மத்த வால்வெல்லாம் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறது, ஹெட் கேஸ்கட்னு வேலை நாலு நாள் போச்சு. ஈரமும் போச்சு. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தேன். எங்க நிலத்துக்கு வேற வண்டியை வாடகைக்கு வச்சேன். வீட்டுக்காரம்மாவோட கம்மல் அடகுக்குப் போச்சு. பாய் போகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனார்: "டேப்பட் சத்தம் போட்டா காசு போவாது நைனா. சத்தம் நின்னா பாரு, அப்பதான் போவும்."

அன்னைக்கு ராத்திரி நான் எதிர்பார்த்தேன், பெரியவன் 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு கேப்பான்னு. கேக்கல. அதுக்கப்புறமும் கேக்கல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அதுக்குப் பிறகு அவன் என் முன்னால எந்த இன்ஜினைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசறதில்ல. ஐடிஐ முடிச்சான், சென்னைக்குப் போயிட்டான். பழைய கார்களைப் பிரிச்சுப் புதுசாக்குற ஒரு பட்டறையில வேலை. வீட்டுக்கு வந்தா மழை, மாடு, தங்கச்சி படிப்பு எல்லாம் பேசுவான். வண்டி பக்கம் போக மாட்டான்.

போன மாசி மாசம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். மறுநாள் அவன் பட்டறையைப் பார்க்கணும்னு நானாத்தான் கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டுக் கூட்டிட்டுப் போனான்.

அங்க நடுவுல நின்னது ஒரு செவர்லே இம்பாலா. அறுபதுகள்ல வந்த மாடல். நம்ம வயசுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்தக் காலத்து சினிமாவுல பணக்காரர்னு காட்டணும்னா இந்தக் காரைத்தான் வாசல்ல நிறுத்துவாங்க. இன்ஜின் V8. எட்டு சிலிண்டர், பதினாறு வால்வு, 283 கன இஞ்சு. லிட்டர்ல 4.6. கார் சொந்தக்காரர் அதைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்காம, ஒரு காலத்துல சோழவரம் விமான ஓடுதளத்துல ரேஸ் விட்ட மாதிரி முறுக்கி ஓட்டணும்னு ஆசைப்பட்டு, வேகத்துக்கான காம் ஷாஃப்ட், புது லிஃப்டர் எல்லாம் வாங்கிக் குடுத்திருந்தார். அன்னைக்கு அந்த இன்ஜினுக்கு டேப்பட் வைக்கிற வேலை.

"எத்தனை தௌ?"ன்னு கேட்டேன்.

சிரிச்சான். "இதுல சந்தே கிடையாதுப்பா. இறுக்கித்தான் வைக்கணும்."

எனக்குப் பகீர்னுச்சு. அப்புறம் ஒரு பழைய லிஃப்டரைக் கையில குடுத்துக் காட்டினான். சின்ன எண்ணெய்க் கிண்ணம் மாதிரி இருந்தது. உள்ள ஒரு பிளஞ்சர், அதுக்கு அடியில ஸ்பிரிங், பிளஞ்சரோட அடியில குட்டியா ஒரு பால் வால்வு. இதுக்குப் பேர் ஹைட்ராலிக் லிஃப்டர். இன்ஜின் ஆயில் இதுக்குள்ள வந்து நிறையும். காம் தூக்கும்போது அந்த பால் வாயை அடைச்சுக்கும். நம்ம கிணத்து மோட்டார்ல புட் வால்வு ஏறின தண்ணியைத் திரும்ப இறங்க விடாதே, அதே வேலை. அடைபட்ட ஆயிலை அமுக்க முடியாது, அதனால லிஃப்டர் இரும்புக் கட்டி மாதிரி நின்னு வால்வைத் திறக்கும். காம் இறங்கினதும் உள்ள இருக்கிற ஸ்பிரிங் பிளஞ்சரை மேல தள்ளி, எங்கயாவது சந்து இருந்தா மூடிடும். காலி இடத்துக்கு ஆயில் வந்துடும். வால்வு சூட்டுல நீண்டா? பிளஞ்சர் ஓரமா ஆயில் மயிரிழை அளவு கசிஞ்சு அது தானா இறங்கிக்கும். சந்தும் இல்ல, சத்தமும் இல்ல, வால்வும் முழுசா உக்காரும்.

இப்படி ஒரு சமாச்சாரம் 1930-லேயே கெடிலாக் V16 கார்ல இருந்திருக்குது. அந்தக் காலத்துப் பணக்காரங்களுக்கும் டேப்பட் சத்தம் பிடிக்கல. எனக்கும் பிடிக்கலதான். அவங்க ஆயிலை வச்சு அடக்கினாங்க, நான் ஸ்பேனரை வச்சு அடக்கினேன்.

இதுல செட்டிங் என்னன்னா, அந்தப் பிளஞ்சர் லிஃப்டருக்குள்ள எவ்வளவு ஆழத்துல உக்காரணும்கிறதுதான். ப்ரீலோடுன்னு சொல்றாங்க. மேல முட்டிக்கிட்டு இருந்தா, தேய்மானம் வந்தா ஏறி வர இடம் இல்ல, சத்தம் வரும். அடியில முட்டிக்கிட்டு இருந்தா, வால்வு நீண்டா இறங்க இடம் இல்ல. அப்புறம் என் 2012 கதைதான்.

இன்ஜின் நிக்கும்போதும் வைக்கலாம். வால்வு மூடியிருக்கிற நேரம் பார்த்து, நட்டை இறுக்கிக்கிட்டே புஷ் ராடை ரெண்டு விரலால மேலயும் கீழயும் ஆட்டணும். ஆட்டம் நிக்கிற இடம் பூஜ்யம். "நிறையப் பேர் ராடை உருட்டிப் பார்ப்பாங்க. உருட்டாதப்பா. உள்ள இருக்கிற ஸ்பிரிங் மெத்துனு இருக்கும், உருட்டும்போது பிடிக்குதுன்னு தெரியறதுக்குள்ள பாதி ஆழம் இறங்கியிருக்கும்"ன்னான். அப்படி ஏற்கனவே ஒரு தடவை வச்சு முடிச்சிருந்தான். இப்ப ஓட விட்டு சரி பார்க்கப் போறான்.

ஓட விட்டா ராக்கர்ல இருந்து ஆயில் தெறிக்குமே? அதுக்கு ஒரு பழைய மேல் மூடியை நடுவுல வெட்டி ஜன்னல் மாதிரி வச்சிருந்தான். இன்ஜின் சூடானதும் ராட்செட்டை என் கையில குடுத்தான்.

"நீயே வைப்பா."

"எனக்கு எதுக்குடா?"

"வைப்பா, சொல்றேன்."

முதல் ராக்கர் நட்டை லூஸ் பண்ணச் சொன்னான். பண்ணேன். 'டக் டக் டக்'. எங்க வீட்டு வண்டிச் சத்தம்! மெதுவா இறுக்கச் சொன்னான். சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு நின்னுது. "இதான் பூஜ்யம். இப்ப கால் சுத்து இறுக்கு." இறுக்கினேன். உடனே இன்ஜின் தடுமாறுச்சு. எட்டுல ஒண்ணு இடறுச்சு. எனக்குக் கை நடுங்கி, ஒரேயடியா முடிச்சிடலாம்னு அடுத்த கால் சுத்துக்குப் போனேன். என் மணிக்கட்டு மேல கை வச்சான்.

"நில்லுப்பா. பத்து எண்ணு."

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினேன். ஏழு, எட்டு வரும்போது இன்ஜின் தானா சமமாகி, மறுபடி பழைய மாதிரி உறுமிக்கிட்டு ஓடுச்சு. நாம இறுக்கினதும் வால்வு லேசாத் திறந்தபடி நிக்குது. உள்ள இருக்கிற ஆயில் கசிஞ்சு பிளஞ்சர் இறங்கினதும் மூடிக்குது. அதுக்கு அந்தப் பத்து செகண்டு வேணும். காத்திருக்காம முழுசா இறுக்கினா வால்வு பிஸ்டன்ல இடிச்சாலும் இடிக்கும், ராடு வளைஞ்சு போகும்.

செவர்லேகாரனோட கணக்கு, பூஜ்யத்துக்கு மேல ஒரு முழு சுத்து. கால் கால் சுத்தா நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து செகண்டு காத்திருந்து. ஆனா இது முறுக்கி ஓட்டுற இன்ஜின்ங்கிறதால பெரியவன் அரை சுத்தோட நிறுத்தினான். அதுக்கும் காரணம் சொன்னான். ரொம்ப வேகத்துல வால்வு ஸ்பிரிங்கால ஈடு குடுக்க முடியாம வால்வு மிதக்க ஆரம்பிக்கும். அப்ப சந்து விழும். லிஃப்டர் அதைத் தேய்மானம்னு நினைச்சு, ஆயிலை ரொப்பிக்கிட்டு ஏறிடும். ஏறினா வால்வு மூடாது, இழுவை போயிடும். ப்ரீலோடு கம்மியா இருந்தா பிளஞ்சர் கொஞ்சம்தான் ஏற முடியும், மேல முட்டி நின்னுடும். அதனால சாதாரணமா ஓட்டுற காருக்கு ஒரு சுத்து, முறுக்கி ஓட்டுற காருக்கு அதுல பாதி, சில பேர் இன்னும் கம்மி.

பதினாறும் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முப்பத்திரண்டு தடவை பத்து எண்ணியிருக்கேன். முடிச்சுட்டுக் கை கழுவும்போது எனக்கு ஒண்ணு உறைச்சது. சத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்கு, நின்னதுக்கு மேலயும் கொஞ்சம் இறுக்குன்னு நான் 2012-ல பண்ணது அப்படியே இதேதான். அங்க அது வண்டியைக் கொன்னுச்சு. இங்க அதுதான் முறை. இங்க அடியில விட்டுக்குடுக்க ஆயில் இருக்குது. எங்க டிராக்டர்ல அடியில இருக்கிறது வெறும் இரும்பு. விட்டுக்குடுக்கிறதை நாமதான் முன்கூட்டியே பன்னெண்டு தௌ விட்டு வைக்கணும்.

"டேய், அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்டா"ன்னேன். பதிமூணு வருஷம் கழிச்சு.

"எதைப்பா?"ன்னான். தெரியாத மாதிரி கேட்டான். அப்புறம் கையைத் தொடைச்சுக்கிட்டே, "ஆயில் எப்ப மாத்தின, டிராக்டருக்கு?"ன்னு கேட்டான். அவன் என் வண்டியைப் பத்தி ஒரு கேள்வி கேட்டே அத்தனை வருஷம் ஆகியிருந்தது.

கார், பைக் வச்சிருக்கிற பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ப்ளெண்டர் மாதிரி பைக்குல எங்க டிராக்டர் மாதிரியே ஸ்க்ரூ டேப்பட்தான். சத்தம் கேட்டா புக்குல இருக்கிற அளவுக்குக் கேஜ் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, 'சத்தமே வரக்கூடாது'ன்னு மெக்கானிக்கை நெருக்காதீங்க. பழைய ஸ்விஃப்ட் டீசல் மாதிரி 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் கார்ல ஹைட்ராலிக். அதுல திருகி வைக்க ஒண்ணுமே இல்ல. ராத்திரி முழுக்க நின்ன கார் காலையில ரெண்டு மூணு செகண்டு டிக் டிக்னு சொல்லிட்டு அடங்கினா பயப்பட வேண்டாம், ஆயில் ஏறுது. அடங்காமப் போனா முதல்ல ஆயில் அளவைப் பாருங்க, அப்புறம் சரியான ஆயிலான்னு பாருங்க. அந்த லிஃப்டருக்கு உசுரே ஆயில்தான்.

போன மாசம் பெரியவன் ஊருக்கு வந்திருந்தான். காலையில ரெண்டு பேரும் சேர்ந்து டிராக்டர் மேல் மூடியைக் கழட்டினோம். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, நல்லாக் குளிர்ந்திருந்தது. அவன் கிராங் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டுச் சுத்தினான், நான் ராக்கரைப் பார்த்தேன். ஒரு சிலிண்டர்ல ஒரு ராக்கர் ஏற, இன்னொண்ணு இறங்க, ரெண்டும் சேர்ந்து அசையிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து முழுசா ஒரு சுத்து. இப்ப அந்த சிலிண்டர்ல ரெண்டு வால்வும் மூடியிருக்கும். பன்னெண்டு தௌ தகட்டை விட்டு, லேசா இழுபடுற பதத்துல ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டு லாக் நட்டை முறுக்கினேன். முறுக்கினதும் மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தேன், நட்டு முறுக்கும்போது அளவு நகரும். ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வு பத்துக்கு வந்திருந்தது. சரி பண்ணோம்.

ஸ்டார்ட் பண்ணா 'டக் டக் டக்'.

உள்ள இருந்து வீட்டுக்காரம்மா, "ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா இன்னா பண்ணீங்க? சத்தம் அப்படியேதான் வருது"ன்னாங்க.

"வரட்டும்மா"ன்னு பெரியவன் சொன்னான்.